எருமைக் குடில்

அன்புள்ள அருள்,

செவ்வாய்க்கிழமை போனில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று சொல்லிவிட்டு, போனில் சார்ஜ் தீரப்போகிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் நிறையவே இருந்தது. ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி உன்னைக் கூப்பிடுகிறது, செல்போன் விளையாட்டுகளுக்குப் பின்னணிப் படம் வரைகிற வேலை, நிரந்தரமானது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், சரி என்று சொன்னால் ராஜகீழ்ப்பாக்கத்துப் பட்டறையைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று வரிசையாகச் சொன்னாய். அதுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷம்கூட வந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் நீ சொன்னாய்: "நீங்க அப்பவே சொன்னது கரெக்ட்தான்பா. நான் எதுலயும் முழுசா இல்ல. இனிமேலாவது ஒண்ணைப் பிடிச்சுக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?" அந்த இடத்தில்தான் நான் போனை வைத்தேன்.

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவனுக்குப் பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசத் தைரியம் இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். உன் அம்மா நம்புவாள். புதன்கிழமையே நான் பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "சேலையூர்லருந்து மேடவாக்கம் எவ்ளோ தூரம்? வண்டிய எடுத்துனு போய்ப் பேசிட்டு வர வேண்டியதுதானே, இதுக்குப் போய் லெட்டரா?" என்றாள். நேரில் வந்தால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அருள். உன் முகம் கொஞ்சம் மாறினாலும் பேச்சை வேறு எங்கேயாவது திருப்பிவிடுவேன். அந்த வித்தை எனக்கு நன்றாக வரும். அதனால் எழுதுகிறேன், நானே கொண்டுவந்து உன் ரூம் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். இதை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திங்கட்கிழமைப் பதிலைப் பற்றி யோசி.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாக்கு மாதிரித் தெரிந்தால் சாக்கு என்றே வைத்துக்கொள். குரோம்பேட்டையில் இருந்த உன் பெரியப்பாவை நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். என் சொந்த அண்ணன். கடைகளுக்கு போர்டு எழுதுவார், கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதுவார், ரேடியோ ரிப்பேர் செய்வார், போட்டோ பிடிப்பார். எல்லாவற்றையும் நன்றாகவே செய்வார். அவர் மகள் ஜெசிந்தா அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பனார் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணோட அப்பா என்ன பண்றார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா, "அவர் எல்லாமே பண்ணுவாருங்க" என்றாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்து சட்டை பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த இடம் தட்டிப்போனது. அப்போது உனக்கு மூன்று வயசு. என் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு மனசில் முடிந்துகொண்டேன்.

நீயோ வளர வளர அவரையே உரித்து வைத்தாய். மிக்சியைக் கழற்றிப் போட்டாய், நோட்டுக்குப் பின்பக்கம் எல்லாம் வரைந்தாய், கோயில் பாடகர் குழுவில் யாரும் சொல்லித்தராமலே கீபோர்டு வாசித்தாய், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் பறவை பார்க்கப் போனாய். மற்ற தகப்பன்மார் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லையே என்று புலம்பினார்கள். எனக்கு நேர்மாறான வியாதி. நீ புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்து காட்டும்போதெல்லாம் அண்ணன் சட்டை பட்டனைத் திருகியதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

பிளஸ் டூ வருஷத்துக் குடிலை நீ மறந்திருக்க மாட்டாய். கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற பொறுப்பை அந்த வருஷம் இளைஞர் குழுவிடம் விட்டிருந்தார்கள், அவர்கள் உன்னிடம் விட்டார்கள். நான் அப்போது கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கிற பங்குப் பேரவையின் செயலாளர். நீ என்ன செய்கிறாய் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரை விலகியபோது அங்கே பெத்லகேம் இல்லை. கோரைப்புல் முளைத்த சதுப்பு இருந்தது. வழக்கமான பசுவுக்குப் பதிலாக இடுப்பளவு தண்ணீரில் எருமைகள், ஒரு எருமையின் முதுகில் கொக்கு, தகரக் கொட்டகை, அதற்குள் மாதாவும் சூசையப்பரும் குழந்தையும். பின்னால் நீயே வரைந்த வானம். கொக்கு மெதுவாகத் தலையைத் திருப்பியது, அதற்கு எங்கிருந்தோ ஒரு பழைய மோட்டாரைப் பிடித்திருந்தாய். நீ பதிவுசெய்து வந்த பறவைச் சத்தங்களுக்கு நடுவே நீயே கீபோர்டில் வாசித்த தாலாட்டு, வருவதும் போவதும் தெரியாமல் கேட்டது. பூசை முடிந்தும் கூட்டம் கலையவில்லை. சின்னப் பிள்ளைகள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார்கள்.

நானும் பார்த்தேன், அருள். என்னாலும் நகர முடியவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஆனால் பேரவை உறுப்பினர் ஒருவர் என் தோளைத் தட்டி, "என்ன செயலாளரே, பெத்லகேம்ல எருமை ஏது? சதுப்புல கொசு கடிக்காதா குழந்தைக்கு?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். பெண் பார்க்க வந்த கூடத்தில் கேட்ட அதே சிரிப்பாக எனக்கு அது பட்டது. முந்தின நாள்தான் உன் இயற்பியல் வாத்தியார் எனக்குப் போன் செய்து, அரையாண்டுத் தாள் திருத்தியாயிற்று, பையன் தேறுவதே கஷ்டம், அதுவும் உங்க பாடத்தில், என்று சொல்லியிருந்தார். இரண்டும் சேர்ந்துகொண்டன. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் கோயிலுக்குப் போய் ஒயரைப் பிடுங்கினேன். எருமைகளைச் சாக்கில் போட்டேன். ஸ்டோர் ரூமில் இருந்த பழைய பசுக்களைக் கொண்டுவந்து வைத்தேன். நீ ஓடி வந்தாய். சாயங்காலப் பூசைக்கு ஒத்திகை பார்க்க வந்திருந்த பாடகர் குழு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, "எதுலயும் முழுசா இல்லாதவன் எங்கயும் நிக்க மாட்டான். ஒண்ணைப் பிடி, இல்லன்னா எல்லாத்தையும் விட்டுடு" என்று கத்தினேன். சாக்கின் வாயைக் கட்டி நீயே தூக்கிக்கொண்டு போனாய்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதப்போவது உனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் நேற்றுவரை தெரியாது.

ஜனவரி முதல் வாரத்தில், நீ டியூஷனுக்குப் போயிருந்த நேரம், ஐம்பது வயசு இருக்கும் ஓர் அம்மா நம் வீட்டைத் தேடி வந்தார். கோயில் அலுவலகத்தில் விலாசம் கேட்டு வாங்கியிருக்கிறார். அடையாறு பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். அருங்காட்சியகங்களுக்கும் பூங்காக்களுக்கும் குழந்தைகள் தொட்டுப் பார்த்து, சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரிப் பொருட்கள் செய்வது அவருடைய தொழில். கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தவர் உன் குடிலைப் பார்த்திருக்கிறார். மறுநாள் கேமராவோடு வந்தபோது அங்கே பழைய பசுக்கள் நின்றிருக்கின்றன. "அந்த எருமைக் குடிலைச் செஞ்சது உங்க பையனா சார்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "எங்ககிட்ட வரையறவங்க இருக்காங்க, எலக்ட்ரிகல் தெரிஞ்சவங்க இருக்காங்க, மியூசிக் பண்றவங்க இருக்காங்க. எல்லாத்தையும் சேர்த்து யோசிக்கிற ஆள்தான் கிடைக்கிறதில்ல. பரீட்சை முடிஞ்சதும் லீவுல ஒரு மாசம் அனுப்பி வைங்க. சும்மா வந்து பார்க்கட்டும்" என்றார். விசிட்டிங் கார்டு ஒன்று கொடுத்தார். நான் "கண்டிப்பா சொல்றேன் மேடம்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர் கேட்டைத் தாண்டிப் போனதும் அந்தக் கார்டை என் பழைய லாக் டேபிள் புத்தகத்துக்குள் வைத்தேன். அதை இந்த வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் வைத்தேன். உள்ளேயிருந்து அம்மா "யாரு வந்தது?" என்று கேட்டாள். "பேரவை விஷயமா" என்றேன். பரீட்சை முடியட்டும் என்று அப்போது என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பரீட்சை முடிந்தது, கவுன்சலிங் வந்தது, காலேஜ் வந்தது. அந்தக் கோடை முழுக்க நீ ஜன்னலோரம் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்த அறையைக் கடந்துதான் தினமும் கோடைச் சிறப்பு வகுப்பு எடுக்கப் போனேன்.

நான்கு வருஷம் இன்ஜினியரிங், ஆறு வருஷம் ஐ.டி. கம்பெனி. நீ வேலையை விட்டுவிட்டுப் பட்டறை போட்ட பிறகும், தெருவில் யாராவது "பையன் என்ன பண்றான் சார்?" என்று கேட்டால், "ஐ.டி.ல இருக்கான், வீட்லருந்தே வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பால் பூத் வாசலில் நான் அப்படிச் சொன்னபோது நீ என் பின்னால் நின்றிருந்தாய். அடுத்த மாதம் மேடவாக்கத்தில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பட்டறையிலிருந்து சட்டையில் ஒட்டி வருகிற மரத்தூளால் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று காரணம் சொன்னாய். உண்மையான காரணம் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் நான் வீசிய ஒரு வார்த்தையை, நீ பத்திரமாக வைத்திருந்து, உன்னைப் பற்றிய தீர்ப்பாக எனக்கே வாசித்துக் காட்டினாய். வியாழக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனேன். பத்து நிமிஷ தூரம், இரண்டு வருஷத்தில் முதல்முறை. மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது. கீழே தையல் கடை வைத்திருக்கிற அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னா சார், யாரு வோணும்? தம்பி இல்லியே. பட்சி சத்தம் புடிக்கப் பள்ளிக்கரணை போய்கீறாரு" என்றார். நான் அவன் அப்பா என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "அப்பாவா? ரெண்டு வருசத்துல ஒரு தபா கூட உங்கள இந்தப் பக்கம் பாத்ததில்லியே. இந்தாங்க, சாவி என்னாண்டதான் கீது. மேல போய்ப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தார். நான் படியேறும்போது பின்னாலிருந்து அவராகவே சொன்னார்: "தம்பி இன்னா வேல செய்றாருன்னு கேட்டா எனக்குச் சொல்ல வராது சார். கேக்கறவங்கள மேல அனுப்சிருவேன். எறங்கி வர சொல்லோ எல்லாம் சிரிச்சிகினு வருவாங்க."

கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்காக நீ செய்துகொண்டிருக்கிற அந்த நீள மேஜையைப் பார்த்தேன். சதுப்பு முழுவதையும் விரலால் படிக்கிற மாதிரி செய்திருக்கிறாய். தண்ணீர் ஆழமாகிற இடத்தில் விரல் இறங்குகிறது, கோரை வருகிற இடத்தில் உள்ளங்கையில் குத்துகிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே போனேன். மரத்தில் செதுக்கிய நீலத் தாழைக்கோழி கையில் பட்டது. அதன் கழுத்தைப் பிடித்ததும் அது கத்தியது, கத்தும்போது தொண்டை என் விரலுக்குள் அதிர்ந்தது. முப்பத்தொரு வருஷம் ஒலி என்பது அதிர்வு என்று கரும்பலகையில் அலை அலையாக வரைந்து காட்டியவன் நான். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு தொண்டையில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பக்கத்தில் இருந்த கூழைக்கடாவை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. ஒயர் விட்டிருக்கிறது என்று நினைத்து அடியில் குனிந்து பார்த்தேன். உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: "இது பேசாது. குஞ்சாக இருக்கும்போதுதான் கத்தும். வளர்ந்த பிறகு அமைதி." ஆள் இல்லாத அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வாத்தியார் புத்தி என்னை விடாது, ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியின் கீழ்த்தட்டில் பாதியில் நின்ற வேலைகள் நிறையக் கிடந்தன. பட்டறை போட்ட முதல் வருஷம் நீ ஒருவருக்கு லோகோ வரைந்தாய், ஒருவரின் குறும்படத்துக்குச் சத்தம் சேர்த்தாய், கல்யாண வீட்டில் கீபோர்டு வாசித்தாய், யாருக்கோ ஆம்ப்ளிஃபயர் சரிசெய்தாய். வெவ்வேறு ஆளுக்கு வெவ்வேறு வேலை, எல்லாரும் போனில் உன்னைத் திட்டினார்கள், நீ இளைத்துப்போனாய். அதைப் பார்த்துத்தான் நீ உன்னையே சந்தேகப்பட ஆரம்பித்திருப்பாய். இந்த மேஜை அப்படி இல்லை. உன் படம், உன் மோட்டார், உன் காது, பறவைகளுக்குப் பின்னால் நீ அலைந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பிள்ளையின் விரலுக்காக ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வேலை ஒன்றாக இருக்கட்டும், அதற்குள் எத்தனை ஆசையை வேண்டுமானாலும் கொண்டுவா. எடுத்ததை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தொடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புத்திமதி, இதுவும் உன் பட்டறையில் நான் கற்றுக்கொண்டதுதான்.

ஹைதராபாத் வேலை கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்கப் படம் மட்டுமே வரைய உனக்கு ஆசையாக இருந்தால் போய்விட்டு வா, அம்மா முறுக்கு சுட்டுத் தருவாள், நான் ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுகிறேன். ஆனால் நீ எதிலும் முழுசாக இல்லை என்று நம்பிக்கொண்டு, தண்டனை மாதிரிப் போகாதே. அதைச் சொன்னவன் அன்றைக்குத் தன் பயத்தைத்தான் பேசினான். அவன் எதிரில் இருந்தது முழுசான வேலை, அதை அவன் கண்ணும் பார்த்தது.

வெள்ளிக்கிழமை லாக் டேபிளைத் தேடி எடுத்தேன். கார்டு அப்படியே இருந்தது. அந்த அம்மாவைக் கண்டுபிடித்து, நடந்ததைச் சொல்லி, இப்போதாவது உங்கள் இரண்டு பேரையும் பேச வைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. எண் வேலை செய்தது. ஆண் குரல் எடுத்தது, அவருடைய கணவர். அந்த அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். என்ன விஷயம் என்று கேட்டார். எருமைக் குடில் என்று ஆரம்பித்தேன், அவர் உடனே, "தாம்பரம் பக்கம், அந்தப் பையனா?" என்றார். "அந்த வருஷம் பூரா சொல்லிக்கிட்டே இருந்தாங்க சார். போன் பண்ணுவான் பண்ணுவான்னு பார்த்தாங்க. அப்புறம், அவனுக்கு இஷ்டமில்ல போலருக்கு, நாம தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டாங்க" என்றார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு, "பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "சொல்லிடுங்க சார்" என்று வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நேற்று சொன்னேன், அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் செய்வது நியாயம். உனக்கு வழிகாட்டியாக இருந்திருக்கக்கூடிய ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, வழி தெரியாமல் நீ தடுமாறியதைப் பன்னிரண்டு வருஷம் உன் குறையாகவே சொல்லிக்காட்டினேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இனி வாய்ப்பில்லை. உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, அருள். உடனே மன்னிக்க வேண்டும் என்றில்லை. வேலைக்கு என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டாய், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அதை நீயே முடிவு செய். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடேயே வீட்டுக்கு வா. அன்றைக்குப் பாடகர் குழுவுக்கு முன்னால் நீ பேசாமல் விழுங்கியதை எல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் நின்று தெருவே கேட்கும்படி கத்து, நான் உட்கார்ந்து கேட்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பா